கேடயத்துக்கு வந்த காலரா

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே நாங்கள் அனைவரும் சுகம். அங்கே உங்கள் மூட்டுவலியும் சம்பந்தியம்மாவின் கோபமும் ஓரளவு தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். ஒரு மாமனார் மருமகளைப் பற்றிப் பெண் வீட்டுக்கு எழுதினால் சமையலைப் பற்றியோ எதிர்த்துப் பேசுவதைப் பற்றியோதான் இருக்கும். நான் அப்படிப்பட்ட அற்ப மனிதன் அல்ல. உங்கள் மகள் தங்கமான பெண். எங்கள் ஊரில் காலராவைக் கண்டுபிடித்துவிட்டாள் என்பதைத் தவிர அவளிடம் ஒரு குறையும் கிடையாது.

பொதுச் சுகாதார ஆய்வகங்களில் தொற்றுநோய்ப் பரிசோதனை எப்படி நடக்கிறது என்று ஆராய்ச்சி செய்யப்போவதாக அவள் சொன்னபோது, "அதுக்கு ஏம்மா ஊர் ஊரா அலையணும், என் லேபே இருக்கே" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவன் நான்தான். பொறுப்பாளரின் மருமகளாயிற்றே என்று ஆடாத நாற்காலி ஒன்றைத் தேடிப் போட்டோம். அவள் உட்காரவே இல்லை. வந்ததும் வராததுமாகச் சாம்பிள் வைக்கிற ஃபிரிட்ஜைத் திறந்து, எங்கள் சாப்பாட்டு டப்பாக்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்துவிட்டு, "சாம்பிள் எங்க மாமா?" என்றாள். வருவதில்லை என்றேன். ஏன் என்றாள். சோதிக்க எங்களிடம் கிட் இல்லை, அதனால் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புவதில்லை என்றேன். கிட் கேட்டு எழுதவில்லையா என்றாள். எழுதினேன், சாம்பிளே வராத இடத்துக்குக் கிட் எதற்கு என்று மேலிடம் கேட்டுவிட்டது என்று பொறுமையாக விளக்கினேன். இதில் புரியாமல்போக என்ன இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள். அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு, வாராவாரம் 'தொற்றுநோய் இல்லை' என்று எதை வைத்து எழுதி அனுப்புகிறீர்கள் என்று ஆரம்பித்தாள். "இருக்குன்னு எழுதினாத்தாம்மா ஆதாரம் வேணும். இல்லேன்னு எழுத எதுக்கு?" என்றேன். சம்பந்தி, இப்படிக் கண்ணும் கருத்துமாக இல்லை இல்லை என்று எழுதி வந்ததற்காகத்தான் வருகிற வெள்ளிக்கிழமை எனக்கு 'நோயற்ற வட்டாரம்' கேடயம் தரப்போகிறார்கள். ஓய்வு பெறுகிற மாதத்தில் ஒரு மனிதனுக்கு வேறென்ன வேண்டும்?

அதில்தான் உங்கள் மகள் மண்ணை அள்ளிப் போடப் பார்க்கிறாள். ஆராய்ச்சிக்கென்று தான் கொண்டுவந்த கிட்டை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், வயிற்றுப்போக்கு என்று படுத்திருந்தவர்களிடம் தானே சாம்பிள் வாங்கிவந்து சோதித்தாள். பாதிப் பேருக்குக் காலரா. அத்தனை பேரும் எங்கள் தெருவுக்கு வருகிற அதே குழாயில் தண்ணீர் பிடிப்பவர்கள். எங்கள் உதவியாளர் வேறு, "அம்மா வர்ற வரைக்கும் ஊரு நல்லாத்தானே சார் இருந்துச்சு" என்று எல்லார் காதிலும் விழும்படி அங்கலாய்த்தார். மேலதிகாரியிடம் போனில் மெல்ல விஷயத்தை எடுத்தேன். "கண்டுபிடிச்சது யாரு?" என்றார். மருமகள் என்றேன். "அப்ப நோய் உங்க வீட்டுலேர்ந்துதான் வந்திருக்கு. வீட்டோட வச்சுக்குங்க" என்று வைத்துவிட்டார்.

அறிக்கையை உடனே குடிநீர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும், குழாயை மூட வேண்டும் என்று இவள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். நான் என்ன வேண்டாம் என்றா சொல்கிறேன்? கேடயத்தை வாங்கிக்கொண்டு நான் மேடையை விட்டு இறங்கியதும் தாராளமாக அனுப்பட்டும். "கிருமி வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்துக்கிட்டு இருக்குமா மாமா?" என்று கேட்கிறாள். நீங்கள் பெற்ற தகப்பன், நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள். தயவுசெய்து சொல்லுங்கள்.

உங்கள் குடும்பத்தில் பெரியவர் சிறியவர் எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நீண்டநாள் வாழ்ந்து, கேடய விழாவுக்கும் தவறாமல் வந்து சேர வேண்டும் என்று வாழ்த்தும்,
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: மேலே எழுதியதைப் படிக்காதீர்கள். படித்திருந்தால் மறந்துவிடுங்கள். உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது என் மனைவி சமையலறையில் சுருண்டு விழுந்துவிட்டாள். காலையிலிருந்து வயிற்றுப்போக்காம், கடிதம் எழுதுகிற மும்முரத்தில் எனக்குத் தெரியவே இல்லை. கையும் ஓடாமல் காலும் ஓடாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, சாம்பிளை நானே ஆய்வகத்துக்குக் கொண்டு ஓடினேன். உங்கள் மகள் சோதித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்று இல்லை, இல்லை என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். இருந்தது. இப்போது என் மனைவிக்கு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கிறது. கண் விழித்ததும் என்னைத் திட்டினாள், இனி பயமில்லை என்கிறார் டாக்டர். "கேடயமும் வேணாம் ஒண்ணும் வேணாம், அந்த அறிக்கையை இப்பவே அனுப்பிடும்மா" என்று உங்கள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"நேத்தே அனுப்பிட்டேன் மாமா. காலையிலேர்ந்து குழாயில தண்ணி வரலையே, நீங்க கவனிக்கலையா?"

"என் கையெழுத்து இல்லாம எப்படிம்மா வாங்கிக்கிட்டாங்க?"

"உங்க கையெழுத்தோடதான் மாமா. நேத்து சாயங்காலம் நீங்க படிக்காமலே கையெழுத்துப் போட்டுத் தந்தீங்களே, அந்தப் பேப்பர் கட்டுல அதுவும் ஒண்ணு."