நாலு சிலிண்டர் ரகசியம்

அன்று காலை எங்கள் வீட்டு வாசலில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ராசு என்கிற நான். என் மனைவி கோகிலவாணி. அவளுடைய அக்கா சின்னப்பொண்ணு. எங்கள் மகள் மலர்விழி. பக்கத்து வீட்டுக் காசியம்மாள். கள்ளக்குறிச்சியிலிருந்து வந்த மெக்கானிக் தெய்வசிகாமணி. மொத்தம் ஆறு பேர். ஆறு பேரும் என் காரைச் சுற்றி நின்றோம். நான் மட்டும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

காரணம் இருக்கிறது.

என் கார் சின்னது. வெள்ளை நிறம். மூன்று சிலிண்டர், எண்ணூறு சிசி. தொண்ணூற்றெட்டாம் வருடத்துப் பிறப்பு. தியாகதுருகத்திலிருந்து கள்ளக்குறிச்சி போகச் சொன்னால் கன்றுக்குட்டி போல ஓடும். கல்வராயன் மலையைக் காட்டினால் மட்டும் படுத்துக்கொள்ளும்.

போன வருடம் வெள்ளிமலையில் என் மச்சான் தமிழரசன் வீட்டுக்குக் கடைக்கால் போட்டான். கோகிலவாணியின் தம்பி. அங்கே உரக்கடை வைத்திருக்கிறான். ஐந்து பேர் காரில் கிளம்பினோம். இரண்டாவது வளைவில் வண்டி நின்றது. ஒருவரை இறக்கினேன். மூன்றாவது வளைவில் இன்னொருவரை இறக்கினேன். ஐந்தாவது வளைவில் வண்டிக்குள் நான் மட்டும் இருந்தேன். என் மனைவி பட்டுப்புடவையோடு சக்கரத்துக்குப் பின்னால் கல் வைத்துக்கொண்டு வந்தாள். கடைசியில் நடந்து வந்த மற்ற மூன்று பேரும் எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்து, கை கால் கழுவி, சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள்.

தமிழரசன் என் கார் கதவைத் திறந்து, "மாமா, அடுத்த தபா வண்டிய வூட்லயே வுட்டுட்டு வாங்க. தள்ற வேலயாவது மிச்சம்" என்றான். பந்தி முழுவதும் சிரித்தது. சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

அன்றைக்கே முடிவு செய்தேன். அவன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு இதே காரில் போவேன். ஒருவரும் இறங்கக் கூடாது. ஸ்டியரிங்கில் நான் இருக்க வேண்டும். அவன் வாசலில் நிறுத்தி ஒரு ஹாரன் அடிக்க வேண்டும். ஒரே ஒரு ஹாரன். அதற்குமேல் எனக்கு இந்த உலகத்தில் ஆசை இல்லை.

அதற்கு வழி ஒன்றுதான். பெரிய இன்ஜின்.

மனைவியிடம் சொல்ல முடியாது. பெயர்தான் கோகிலவாணி. வாயைத் திறந்தால் சர்க்கரை ஆலைச் சங்கு. "அந்த டப்பாவ காயலான் கடையில போட்டுட்டு வேற வேல பாருங்க" என்று ஏற்கெனவே மூன்று முறை ஊதிவிட்டாள். ஆகவே காரியத்தை ரகசியமாகச் செய்யத் தீர்மானித்தேன். பெயிண்ட் அடிக்க விடுகிறேன் என்று சொல்லி, வண்டியைத் தெய்வசிகாமணியின் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"தெய்வம், இதுல பெரிய இன்ஜின் வெக்க முடியுமா?"

"வெக்கலாம்ணே. விபத்துல நசுங்குன வண்டி ஒன்னு வந்துகீது. பின்னாடிதான் அடி. இன்ஜின் கல்லு மாதிரி இருக்குது. நாலு சிலிண்டரு, ஆயிரத்து முந்நூறு சிசி."

"ஏறுமா?"

"மலை இன்னாண்ணே மலை! செவுத்துல ஏறும்."

"ஒன்னு சொல்றேன் கேட்டுக்கோ. இது வூட்டுக்குத் தெரியக் கூடாது."

தெய்வசிகாமணி காதைச் சொறிந்தான். "வூட்டுக்குன்னா, அக்காவுக்கா?"

அங்கேயே நான் விழித்திருக்க வேண்டும். என்னை அண்ணே என்பவன் என் மனைவியை அண்ணி என்றுதானே சொல்ல வேண்டும்? அவளை அக்கா என்றால் என்னை மாமா என்று சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் உறவு வைத்திருப்பவன் எந்தக் கட்சி என்று எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். எனக்கு அப்போது சிலிண்டரை எண்ணத்தான் நேரம் இருந்தது.

வேலை ஆரம்பமானது. பழைய இன்ஜினைச் சங்கிலி போட்டுத் தூக்கினார்கள். கூண்டிலிருந்து கோழிக்குஞ்சை எடுத்த மாதிரி வந்தது. அந்த இடத்தில் புதியதை இறக்கினால் எருமையைத் தொட்டிலில் போட்ட மாதிரி இருந்தது. இன்ஜினைத் தாங்கும் இரும்புகளை வெட்டி வேறு இடத்தில் வெல்டிங் வைத்தார்கள். ரேடியேட்டர் பெரிதானது. கியர் ஐந்தானது. முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வந்தது. பேட்டரிக்கு முன்னால் இடமில்லாமல் டிக்கிக்குப் போய்விட்டது. நான் ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து போல்ட்டுகளை எண்ணினேன்.

"தெய்வம், கழட்டுனது அறுவத்தெட்டு. மாட்டுனது அறுவத்தஞ்சு. மீதி மூணு எங்க போவணும்?"

"அது தேவையில்லண்ணே. செஞ்சவன் ஜாஸ்தியா போட்டுட்டான்."

நான் கூச்ச சுபாவம் உள்ளவன். இருந்தாலும் அந்த மூன்றும் போய்ச் சேரும்வரை டப்பாவிலிருந்து எழுந்திருக்கவில்லை.

வீட்டில் சமாளிப்பதுதான் பெரிய வேலை.

"இன்னாங்க, பெயிண்ட்டு ஆச்சா?"

"ஆயிக்கினு இருக்குது."

"இன்னா கலரு?"

"வெள்ள."

"ஏற்கெனவே வெள்ளதான?"

"அது கம்மி வெள்ள. இது ஜாஸ்தி வெள்ள."

"வேட்டியில இன்னா கறுப்பா ஒட்டிக்கினு இருக்குது?"

"வெள்ளைக்கு அடியில கறுப்பு அடிச்சாத்தான் எடுப்பா இருக்குமாம்."

"அப்பிடிங்களா!" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நாற்பது வருடத்தில் அவள் என் பேச்சை ஒரே தடவையில் நம்பியது அப்போதுதான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நாம் இத்தனை நாள் பொய் சொல்லாமல் வீணாக்கிவிட்டோமே என்று வருத்தமாகக்கூட இருந்தது.

இன்னொரு நல்ல மாற்றமும் வந்தது. காலையில் எழுந்து ரிஷிவந்தியம் கோயிலுக்குப் போக ஆரம்பித்தாள். திரும்பும்போது வியர்த்து, களைத்து, உள்ளங்கை இரண்டும் சிவக்க வருவாள். "இன்னாம்மா, அத்தன சுத்தா சுத்தற?" என்றால், "ஆமாங்க. எட்டு மாதிரி சுத்தறேன்" என்பாள். என் ஆயுசுக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பட்டறையில் சில விஷயங்கள் எனக்குப் புரியவில்லை. ஓட்டுநர் சீட்டு முன்னால் தள்ளிப் போயிருந்தது.

"பெரிய இன்ஜினு பாருங்கண்ணே. ஸ்டியரிங்க கட்டிப் புடிச்ச மாதிரி உக்காந்தாத்தான் அடங்கும்."

அடுத்த முறை போனால் சீட்டு உயர்ந்திருந்தது.

"வேகமா போறப்ப தூரமா பாக்கணும்ல?"

கிளட்ச்சைக் கையால் அமுக்கிப் பார்த்தேன். பஞ்சு மாதிரி இருந்தது. கண்ணாடிக்குக் கீழே ஒரு கொக்கி முளைத்திருந்தது.

"இது எதுக்கு?"

"இதுல... பூ மாட்டலாம்ணே."

எல்லாமே எனக்குச் செய்கிற மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன் என்றேன். "செட்டாகட்டும்ணே. மலைக்குப் போற அன்னிக்கு நானே கொண்டாந்து வுடறேன்" என்றான். பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவன் போல நின்றுவிட்டுத் திரும்பினேன்.

கிரகப்பிரவேச நாள்தான் மேலே சொன்ன அந்த நாள்.

கார் வந்து நின்றது. சத்தமே இல்லை. நெய்யில் மிதந்து வந்த மாதிரி வந்தது. நான் தொண்டையைக் கனைத்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக நான்கு பேர் முன்னால் பேசினேன்.

"எல்லாரும் கேளுங்க. வண்டிக்கு நடந்தது பெயிண்ட் இல்ல. இத்தினி நாளா ஒரு ரகசியத்த..." என்று சொல்லிக்கொண்டே பானட்டைத் தூக்கினேன். "இன்ஜின்!"

ஒருவரும் அசையவில்லை.

"ஆமா, நாலு சிலிண்டரு" என்றாள் காசியம்மாள். "வாணி அப்பவே சொல்லிச்சே."

சின்னப்பொண்ணு எட்டிப் பார்த்தாள். "ஏம்பா தெய்வம், டிஸ்க்கு பிரேக்கு முன்னாடி மட்டுந்தானா?"

"அப்பா, பானட்ட மூடுங்க. நல்ல நேரம் போவுது" என்றாள் மகள்.

சரி, தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும், ஓட்டப் போகிறவன் நான்தானே என்று கதவைத் திறந்து உட்காரப் போனேன். நான் ஆறடி. முதல் கால் உள்ளே போனது. இரண்டாவது கால் போகவில்லை. அழுத்தி நுழைத்தேன். முழங்கால் ஸ்டியரிங்கில் மோதி ஹாரன் அலறியது. தலை கூரையில் இடித்தது. வாயைத் திறக்க முயன்றால் முகவாய்க்கு அடியில் முழங்கால் இருந்தது.

"தெய்வம், சீட்ட பின்னாடி தள்ளுடா!"

"தள்ள முடியாதுண்ணே. வெல்டு வெச்சாச்சு."

"யாரக் கேட்டு வெச்ச?"

"ஓனரக் கேட்டுத்தான்."

"நான் எப்படா சொன்னேன்?"

"நீங்க ஓனர் இல்லியேண்ணே."

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. வண்டி வாங்கிய வருடம் ஜாதகம் பார்த்தோம். என் நட்சத்திரத்துக்கு வாகனம் ஆகாது, வீட்டம்மா ரோகிணி, அவர் பேரில் வாங்கினால் நிலைக்கும் என்றார்கள். நானும் அவள் பேரிலேயே வாங்கி, ஓட்டி, துடைத்து, மறந்தும் போனேன்.

"இன்ஜின் மாத்துனா ஆர்டிஓ ஆபீசுல எழுதணும்ணே. ஓனர் வந்து நிக்கணும். நான் இன்னா பண்றது? மொத நாளே அக்காவுக்குப் போன் போட்டுட்டேன்."

கோகிலவாணி நிதானமாக முன்னால் வந்தாள். பட்டுப்புடவையை இழுத்துச் செருகியிருந்தாள்.

"ஏங்க, கொஞ்சம் எறங்குங்க. கைப்பைய மாட்டணும்."

கைப்பை கொக்கியில் போய்ப் பொருத்தமாக உட்கார்ந்தது.

"நீ ஓட்டுவியா?"

"ஆபீசுக்கு எப்பிடியும் போவணும். போனது போனோம், லைசென்சும் எடுத்துக்கினு வந்துடலாம்னு தோணிச்சு. ரிஷிவந்தியத்துல இன்னா கோயிலுன்னு நெனச்சீங்க? ஓட்டக் கத்துக் குடுக்கற எடம். எட்டு மாதிரி சுத்தறேன்னு நானே சொன்னேனே."

"நீ இந்த வண்டிய வித்துடச் சொன்னியே!"

"வித்துடச் சொன்னாத்தான் நீங்க விக்க மாட்டீங்க. இது தெரியாமயா இத்தன வருசம் குடுத்தனம் பண்ணேன்?" என்றாள். "கல்லு வெச்சிக்கினே வந்தவ நானு. அந்த அஞ்சாவது வளைவுல நிமிந்து பாத்தேன். அன்னிக்கே இந்த மலைய நாமதான் ஏத்தணும்னு முடிவு பண்ணிட்டேன்."

நால்வரும் கை தட்டினார்கள். தெய்வசிகாமணிதான் பலமாகத் தட்டினான்.

சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அவள் ஏறினாள். கால் கிளட்ச்சில் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. அளவெடுத்ததுதானே. பின்னால் சின்னப்பொண்ணு, மலர்விழி, காசியம்மாள். நான் மானத்தை விட்டு முன்சீட்டுக் கதவைப் பிடித்தேன். உள்ளே தெய்வசிகாமணி இருந்தான்.

"அவன் எதுக்கு?"

"மொத தபா மலை ஏறுது. வழியில சூடாச்சுன்னா நீங்க சரி பண்ணுவீங்களா?"

"பின்னாடி கொஞ்சம் தள்ளி உக்காந்தா..."

"அஞ்சு பேருக்கு மேல அர ஆளு கூட ஆவாதுன்னு சட்டம் பேசுறது யாரு? நீங்கதான?"

நான்தான்.

"அப்போ நான்?"

"எட்டரைக்கு வெள்ளிமல பஸ்சு இருக்குது. சும்மா வராதீங்க. தம்பிக்கு வாங்குன சீர் அண்டா டிக்கியில போவல, பேட்டரி இருக்குது. பாத்துத் தூக்கிக்கினு வாங்க, நசுங்கிடப் போவுது."

கார் கிளம்பியது. தெருமுனையில் இரண்டாவது கியர் விழுந்த சத்தம் கேட்டது. சொல்லக் கூடாது, மிக அழகாக விழுந்தது.

நான் ஏறிய பஸ் கச்சிராயபாளையம் தாண்டியதும் போன் வந்தது.

"வந்து சேந்துட்டோங்க! ஒருத்தர் கூட எறங்கல. உங்க இன்ஜினு தங்கங்க! வாசல்ல நிறுத்தி ஒரே ஒரு ஹாரன் அடிச்சேன் பாருங்க, தம்பி அப்பிடியே நின்னுட்டான். மாமா எங்கன்னு கேட்டான்."

"நீ இன்னா சொன்ன?"

"பின்னாடி வந்துக்கினு இருக்காருன்னேன். அவன், வண்டியத் தள்ளி வுட்டுட்டு மாமா அங்கியே நின்னுட்டாரான்னு கேட்டுச் சிரிக்கிறான்."

போனை வைத்துவிட்டு அண்டாவை மடியில் நிமிர்த்தி வைத்தேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கண்டக்டர் அப்போதுதான் என்னிடம் வந்தார்.

"பெரியவரே, வெள்ளிமலைக்கா? எத்தன?"

நான் கணக்கில் தவறுகிறவன் இல்லை. வாசலில் ஆறு பேர். காரில் ஐந்து பேர். "ஒன்னு" என்றேன்.

கண்டக்டர் அண்டாவைத் தட்டிப் பார்த்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். அதற்கு அரை டிக்கெட் கிழித்தார்.

ஆக மீதி, ஒன்றரை.