செத்தது கத்தரிக்காய், நான் இல்லை

மதிப்புக்குரிய சம்பந்தி டோமினிக் அவர்களுக்கு, வில்லியனூரிலிருந்து தனிஸ்லாஸ் எழுதிக்கொள்வது. மாதாவின் தயவால் இங்கே எல்லோரும் சுகம். முக்கியமாக நான் உயிரோடு சுகம். கரையாம்புத்தூரில் தாங்களும் பெண் ஆரோக்கிய செல்வியும் சுகமா என்று அறிய ஆவல். வாட்ஸ்அப்பில் என் 'கண்ணீர் அஞ்சலி' பேனரைப் பார்த்துவிட்டு நிச்சயதார்த்தத்தைத் தள்ளிவைத்தீர்களாம். போனில் விளக்கலாமென்றால் நீங்கள் எடுக்கவில்லை. செத்தவன் நம்பரிலிருந்து கூப்பிட்டால் யார்தான் எடுப்பார்கள்?

எல்லாம் என் பிள்ளை, உங்கள் வருங்கால மாப்பிள்ளை யூஜின் செய்த வேலை. கம்பெனிக்காரன் லேபில் மரபணுவை மாற்றி விதை விற்கிறான், நம்ம ஊர் விதையெல்லாம் அழிகிறது, மனுஷன் செத்தால் பேனர் வைக்கிறோமே, விதை செத்தால் வைக்கக் கூடாதா என்று கேட்டு, அதையே இவன் ஓவியக் கண்காட்சியாக வைக்கிறான். கேள்வி நியாயம்தான். இப்போது அழிந்துபோனதாக நாங்கள் நினைத்த எங்கள் வரிக்கத்தரியை நான் கையில் பிடித்து நிற்கும் பழைய போட்டோவை பேனர் கடையில் கொடுத்து, கத்தரிக்கு அஞ்சலி அடிக்கச் சொல்லியிருக்கிறான். கடைக்காரன் என்றைக்குக் கத்தரிக்காய்க்கு அஞ்சலி அடித்தான்? காயை வெட்டி எறிந்துவிட்டு, என் மூஞ்சியை வட்டத்துக்குள் போட்டு, ரெண்டு பக்கமும் மெழுகுவத்தி ஏற்றி, மெயின் ரோட்டில் அவனே கட்டியும் விட்டான்.

நான் மீன் வாங்கிக்கொண்டு வருகிறேன், வீட்டு வாசலில் சாமியானா! "யாருப்பா போயிட்டது?" என்று நானே கேட்டேன். பந்தல்கார மாரிமுத்து இரும்புக் குழாயைத் தன் கால்மேலேயே போட்டுக்கொண்டு, "இன்னாண்ணே, நீயே வந்து கேக்குற?" என்று அலறினான். ஆனா கேளுங்க சம்பந்தி, செல்லிப்பட்டுலேர்ந்து அழ வந்த தனக்கொடி அக்கா, விஷயம் தெரிஞ்சதும் மூக்கைச் சிந்திட்டு, "வரிக்கத்தரியா? எங்க வூட்டுக்குப் பின்னால காய்ச்சுத் தொங்குதேடா!" என்றாள். மறுநாளே விதை வந்துவிட்டது. நானும் சாகலை, கத்தரியும் சாகலை. அப்பாடா, வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு.

பேனரைக் கழட்டியாச்சு. படம் வரையறவனுக்கு யாரும் பொண்ணு தரலை, நீங்கதான் மனசு வச்சீங்க. இந்தக் கூத்தால அது கெட்டுடக் கூடாது. துக்கவீடு என்று யோசிக்காமல் நிச்சயத்துக்கு நாள் குறியுங்கள்.

லூர்து மாதா உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும்.

இப்படிக்கு,
மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் சம்பந்தி,
தனிஸ்லாஸ்

பின்குறிப்பு: கத்தரி பிழைத்துவிட்டதால் யூஜினுக்கு வேறு விதை தேவைப்பட்டதாம். பெண் பார்க்க வந்த அன்று, உங்கள் தோட்டத்துக் கடைசி நாட்டுப் பூசணி என்று தூக்கிக் காட்டினீர்களே, அந்த போட்டோவை அதே கடையில் கொடுத்திருக்கிறான். "இந்த வாட்டி தெளிவா சொல்லிட்டேன்பா" என்கிறான். கடைக்காரன் இப்போதுதான் போன் செய்தான். உங்கள் முகம் அருமையாக வந்திருக்கிறதாம். உங்கள் தெருமுனையிலேயே கட்டிவிட்டானாம்.