ஹாஜியாரின் அத்தரும் என் கழுதையும்

கழுதைகளைப் பற்றி எனக்குத் தெரியாத விஷயமே இல்லை. அதையெல்லாம் யாரிடம், எப்போது சொல்லக்கூடாது என்பது மட்டும் அந்த வயதில் தெரிந்திருக்கவில்லை. (இப்போதும் தெரியாது என்பது என் மனைவியின் கட்சி.)

எங்கள் கல்முனைப் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். மற்ற மாப்பிள்ளைமார் ஒரு சூட்கேசோடு போனார்கள். நானோ மன்னாரில் வேலை பார்த்த காலத்தில் என் பின்னாலேயே அலைந்த ஒரு கழுதையையும் லொறியில் ஏற்றிக்கொண்டு சாய்ந்தமருதில் மனைவி வீட்டு வாசலில் போய் இறங்கினேன். பெயர் சுல்தான்.

வளவுக்குள் கால் வைத்ததும் மாமியின் கொடியில் காய்ந்துகொண்டிருந்த தலையணை உறையைத் தின்றது. பிறகு கிணற்றடிக்கும் மாமி சமைக்கும் குசினிக்கும் நடுவே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அதுதான் தன் கக்கூஸ் என்று முடிவுசெய்தது. எத்தனை முறை அள்ளிக் கொட்டினாலும் மறுநாள் அதே இடம். "பாத்தீங்களா மாமி, எவ்வளவு ஒழுங்கு!" என்றேன். மாமி மறுபடி மண்வெட்டியை எடுக்கப் போனார். புது மருமகனை ஏசக்கூடாது என்றொரு மரியாதை இருந்தது. அதில்தான் சுல்தானும் நானும் பிழைத்தோம்.

அப்படியிருக்க, மனைவியின் தங்கை றிஸ்மியாவுக்குச் சம்பந்தம் ஒன்று வந்தது. பையன் நல்ல பிள்ளை. றிஸ்மியாவுக்கும் உள்ளூரப் பிடித்துவிட்டது. அதே வளவில் அவளுக்காகக் கட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக மாப்பிள்ளையின் வாப்பாவும் உம்மாவும் வருகிறார்கள். (வீடு பிடிக்காமல் குலைந்த சம்பந்தங்கள் எங்கள் ஊரில் நிறைய.) மாமா கடல் மணல் ஏற்றி வந்து முற்றமெங்கும் வெள்ளை வெளேரென்று பரப்பினார்.

"மருமகன், இண்டைக்கு மட்டும் அதக் கொண்டுபோய் வேற எங்கயாச்சும் கட்டுங்களன்," என்றார், கெஞ்சாத குறையாக.

"பின்னுக்குக் கட்டியிரிக்கி மாமா. நான் போட்ட முடிச்ச அவிழ்க்க ஏலா. பயப்பிடாதீங்க."

முடிச்சு அவிழவே இல்லை. கயிற்றைத்தான் தின்றுவிட்டது.

மாப்பிள்ளையின் வாப்பா ஒரு ஹாஜியார். வெள்ளைச் சாறன், வெள்ளைச் சேட். அவர் வருமுன் அவருடைய அத்தர் வந்தது. மூத்த மகன் கட்டாரிலிருந்து அனுப்பியதாம். போத்தலில் பாதியையாவது அன்று பூசியிருப்பார். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு விறாந்தையில் உட்கார்ந்து, மாமி வைத்த வட்டிலப்ப இனிப்புக் கோப்பையைக் கையிலெடுத்து, "வீடு, மாஷா அல்லாஹ்..." என்று அவர் தொடங்கவும், மூலையைச் சுற்றிக்கொண்டு சுல்தான் வந்தது.

புது மணலைக் கண்ட கழுதை சும்மா நிற்குமா? தொப்பென்று விழுந்து, நாலு காலும் வானத்தைப் பார்க்க, இந்தப் பக்கம் ஒரு புரளல், அந்தப் பக்கம் ஒரு புரளல். எழும்பி விறாந்தை ஓரத்துக்கு வந்து உடம்பைச் சிலுப்பியது. வட்டிலப்பமெல்லாம் மணல். மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. கதவுக்குப் பின்னால் நின்ற றிஸ்மியா அழத் தொடங்கிவிட்டாள்.

ஹாஜியார் பெரிய மனுசன். "பரவாயில்ல, வாயில்லாச் சீவன்தானே," என்று கையை நீட்டினார். சுல்தான் அந்தக் கையை முகர்ந்தது. கழுத்தை உயர்த்தி, மேலுதட்டைச் சுருட்டி, பல்லெல்லாம் தெரிய அப்படியே நின்றது.

"பாருங்களன், சிரிக்கிது!" ஹாஜியாருக்கு ஒரே சந்தோஷம். "எண்ட அத்தர் புடிச்சிட்டு அதுக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவுக்கும் மூச்சு வந்தது. அத்தோடு நான் விட்டிருக்கலாம். ஆனால் பிழையான தகவல் ஒன்று என் கண்முன்னே நடமாடுவதை என்னால் பொறுக்க முடியாது.

"இல்ல ஹாஜியார், அது சிரிப்பில்ல," என்றேன், வகுப்பெடுக்கும் வாத்தியார் மாதிரி நல்ல சத்தமாக. "மத்தக் கழுதைகள்ட மூத்திரத்த மோந்தாத்தான் இப்பிடி உதட்டச் சுருட்டும்."

ஹாஜியார் கோப்பையைக் கீழே வைத்தார். "எழும்புங்க, போவம்," என்றார் மனைவியிடம். மாமா ஓடிப்போய் அவருக்குக் குறுக்கே நின்றார். ஒரு பெண்ணின் வாழ்க்கையை ஒரே வசனத்தில் முடித்துவிட்டேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஹாஜியாரின் மனைவி எழும்பவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அழுகிறார் என்றே நினைத்தேன்.

"அல்லாஹ்வே! மகன் அனுப்பின நாள்ல இருந்து மூக்கப் பொத்திக்கிட்டுத்தான் படுக்கிறன். நான் சொன்னா எனக்குப் பொறாமையாம்! இப்ப கழுதையே சொல்லுது, கேளுங்க!" சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணீர் வழிந்தது. பிறகு மாமியிடம் திரும்பி, "புள்ளையக் கூப்பிடுங்க. எண்ட மகன் இஞ்சயே வரட்டும். இந்த வளவுல உண்மையக் கதைக்க ஒரு ஆளாச்சும் இரிக்கி," என்றார்.

நான்தான் அந்த ஆள் என்று நெஞ்சை நிமிர்த்தினேன். அவர் பார்த்தது சுல்தானை.

கல்யாணம் சிறப்பாக முடிந்தது. ஹாஜியார்தான் அதுவரைக்கும் என்னோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. இப்போது பெருநாளைக்குப் பெருநாள் மகன் வீட்டுக்கு வருகிறார். எல்லோருக்கும் ஸலாம் சொல்லிக் கைகொடுத்துவிட்டு, என்னிடம் வந்ததும் கையை என் மூக்குக்கு நேரே நீட்டுவார். பேரப்பிள்ளைகள் ஓடிவந்து சுற்றி நிற்பார்கள். நான் முகர்ந்து, கழுத்தை உயர்த்தி, மேலுதட்டைச் சுருட்டிக் காட்ட வேண்டும். காட்டும்வரை மனுசன் சோற்றில் கை வைக்கமாட்டார்.