நேரே போவதற்கு மூளை எதற்கு?

பயணம் போகிறவர்கள் ஒரு ரகம். மலிவாகப் பயணம் போக வழி கண்டுபிடிக்கிறவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகத்தாரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சீட்டு வாங்குவார்கள், போவார்கள், வருவார்கள். இரண்டாவது ரகத்தாருக்கு மலிவு வழிக்காரர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஸ்லோவேனியாவில் இருக்கும் எங்கள் மரிபோரில் தெருவுக்கு இரண்டு பேராவது தேறுவார்கள். நீங்கள் வெனிஸ் போய்வந்த கதையை ஆரம்பித்தால் மற்றவர்கள், "எப்படி இருந்தது?" என்பார்கள். இவர், "எவ்வளவு கொடுத்தே?" என்பார். தொகையைச் சொன்னதும் துக்கம் விசாரிக்க வந்தவர்போல உங்கள் கையைப் பிடித்துக்கொள்வார்.

நகரசபைக் குடிநீர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் கோராஸ்ட் இந்த ரகத்தில் முதல் தரம். விமானச் சீட்டு விலை செவ்வாய்க்கிழமை விடியற்காலையில்தான் இறங்கும் என்பது அவருடைய நம்பிக்கை. ஒரே சீட்டை இரண்டு தடவை பார்த்தால் நம் ஆசையைப் புரிந்துகொண்டு கம்பெனிக்காரன் விலையை ஏற்றிவிடுவான் என்பதால், தன் போனில் ஒரு தடவை, மனைவியின் போனில் ஒரு தடவை, மாமியாரின் போனில் ஒரு தடவை என்று மாற்றி மாற்றிப் பார்ப்பார். ரயிலில் ஏறி, விமானத்தில் பறந்து, கப்பலில் மிதந்து, நடுவே ஒரு பஸ்ஸையும் செருகி, நேரே போனால் ஆகிற செலவில் பாதிக்குள் முடித்துவிட்டால், போன ஊரைப் பார்க்க வேண்டிய அவசியம்கூட அவருக்கு இல்லை. சில சமயம் போய்ச் சேரவே வேண்டியதில்லை.

அவர் மனைவி மெத்காவுக்கோ இந்தத் தடவை போய்ச் சேர்ந்தே ஆகவேண்டும். அக்கா தாரிங்காவுக்குக் கல்யாணம். கணவரை இழந்து பன்னிரண்டு வருஷம் தனியாக இருந்தவள், ஐம்பத்தெட்டாவது வயதில், கிரீஸின் பாத்ராஸ் துறைமுகத்தில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் ஸ்பீரோஸைக் கைப்பிடிக்கிறாள். சனிக்கிழமை மாலை ஆறு மணி. பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு மெத்கா ஒருத்திதான்.

"பக்கத்து ஸாக்ரெப்ல இருந்து ஏதென்ஸுக்கு நேர் விமானம் இருக்கு, கோராஸ்ட்," என்றாள் மெத்கா.

"நேரா போறதுக்கு மூளை எதுக்கு?" என்று சிரித்தார் அவர்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்பி, மூன்று ரயில் மாறி இத்தாலிக்குள் நுழைந்து, ட்ரெவிசோவில் விமானம் பிடித்து, தெற்கே பாரித் துறைமுகத்தில் இறங்கி, சாயங்காலக் கப்பலில் ஏறினால், மறுநாள் மத்தியானம் ஒரு மணிக்குப் பாத்ராஸ். தலைக்கு நூற்றிருபது யூரோ மிச்சம். திட்டத்தை நான்கு வண்ணங்களில் அச்சடித்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டிருந்தார்.

ட்ரெவிசோ வரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. விமான நிலையத்தில் பையை அளக்கும் பெட்டிக்குள் கோராஸ்டின் பை இறங்கவில்லை. காரணம், அக்காவுக்கென்று மெத்கா சுட்டு எடுத்துவந்த வால்நட் ரொட்டி.

"ஒண்ணு இதைத் தின்னு முடி, இல்லே இங்கேயே வச்சுட்டு வா," என்றார்.

"உன்னை வேணும்னா வச்சுட்டு வரேன்."

கடைசியில் பைக்குள் இருந்த துணியையெல்லாம் அவர் உடம்பில் ஏற்றிக்கொண்டார். ஜூன் மாத வெயிலில் இரண்டு கால்சட்டை, ஒரு ஸ்வெட்டர், அதற்கு மேல் கல்யாணக் கோட்டு. விமானம் ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. வெந்துபோய் உட்கார்ந்திருந்தார், ஆனாலும் முகத்தில் வெற்றிக்களை.

பாரியில் இறங்கியபோது மணி ஐந்தரை. கப்பல் வாசலை ஆறரைக்குச் சாத்திவிடுவார்கள்.

"டாக்ஸி பிடி. இருபது நிமிஷத்துல போயிடலாம்," என்றாள் மெத்கா.

"டாக்ஸிக்காரன்கிட்ட கொண்டுபோய்க் கொட்டவா மூணு ரயில் மாறி வந்தோம்? பஸ் இப்ப வந்துடும்."

பஸ் வந்தது, அரை மணி கழித்து. வந்த பஸ்ஸும் பாரி நகரத்துச் சந்துபொந்துகளையெல்லாம் விசாரித்துக்கொண்டு போனது. துறைமுகத்தில் அவர்கள் ஓடிவந்து நின்றபோது கம்பிக் கதவு பூட்டியிருந்தது. கண் முன்னாலேயே கப்பல் மெல்லக் கரையை விட்டு நகர்ந்தது. அடுத்த கப்பல் சனிக்கிழமை சாயங்காலம். அதில் ஏறினால் ஞாயிறு மத்தியானம்தான் போய்ச் சேரலாம்.

மெத்கா அழவில்லை. கத்தவும் இல்லை. முப்பத்தொரு வருஷக் கல்யாண வாழ்க்கையில் எத்தனை ரயில் மேடைகளில் இப்படி நின்றிருக்கிறோம் என்று நினைத்துப் பார்த்தாள். அக்கா தனியாகத் தேவாலயத்துக்குள் நடந்துபோவது கண்ணுக்குள் வந்தது. பெஞ்சில் உட்கார்ந்து போனை எடுத்தாள்.

"காலையில ஏதென்ஸுக்கு விமானம் இருக்கு. நூத்தி எண்பத்தஞ்சு யூரோ. வாங்கப் போறேன். உனக்கும் சேர்த்துப் போடவா?"

"பொறு, பொறு! கொஞ்ச நேரத்துல இறங்கும். எனக்குத் தெரியும்."

வேறெங்கும் விலை விசாரிக்காமல் மெத்கா வாங்கும் பொத்தானை அழுத்திவிட்டாள். சொத்தே கைமாறிப் போனதுபோல கோராஸ்ட் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். தன் சீட்டுக்காகத் தன் போனில் பார்த்தார். இருநூற்று நாற்பது. உள்ளூர்க்காரர் ஒருவரிடம் போனைக் கடன் வாங்கிப் பார்த்தார். இருநூற்றுத் தொண்ணூறு. அதற்கு மேல் அவரால் அதை வாங்க முடியுமா? மானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

ஏதென்ஸில் இறங்கி பஸ் பிடித்து, சனிக்கிழமை நாலு மணிக்கு மெத்கா பாத்ராஸில் இருந்தாள். ஆறு மணிக்கு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அன்று அவள் ஆடிய ஆட்டத்தில் செருப்பே அறுந்துபோனது.

கோராஸ்ட் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கு வந்து சேர்ந்தார், கசங்கிய கோட்டோடு. எல்லாரும் சாப்பாட்டு மேசையில் இருந்தார்கள்.

"கல்யாணம் நேத்தே முடிஞ்சாச்சு, கோராஸ்ட்," என்றாள் தாரிங்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு.

அவர் தலை குனிந்து நின்றார். புது மாப்பிள்ளை ஸ்பீரோஸ்தான் எழுந்துவந்து நாற்காலி இழுத்துப் போட்டு, ஆட்டுக்கறியை முன்னால் தள்ளி, அரைகுறை இத்தாலிய மொழியில் அன்போடு விசாரித்தார்: "பாரியிலயா ஏறினே? அடடா! பிரிந்திசித் துறைமுகத்துல ஏறியிருந்தா பதினோரு யூரோ கொறைஞ்சிருக்குமே!"

கோராஸ்ட் நிமிர்ந்தார். இரண்டு நாளாக வாடியிருந்த முகம் விளக்குப் போட்டதுபோல ஆயிற்று. ஸ்பீரோஸ் அலமாரியிலிருந்து ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்து கறித்தட்டுக்குப் பக்கத்தில் விரித்தார். இரண்டு தலைகளும் அதன்மேல் கவிழ்ந்தன.

"தேனிலவுக்கு எங்கேக்கா போறீங்க?" என்று மெத்கா மெதுவாகக் கேட்டாள்.

"லிஸ்பன்." தாரிங்காவுக்கு முகம் வெளுத்திருந்தது. "ஏழு வண்டி மாறணுமாம்டீ."

அக்காளும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்து, மேசைத்துணியால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள்.

நீங்களும் சிரித்துவிட்டீர்கள். நல்லது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். நூற்று எண்பத்தைந்து யூரோவுக்கு மெத்கா யோசிக்காமல் பொத்தானை அழுத்தியபோது உங்கள் கை பணப்பையைத் தொட்டுப் பார்த்ததா? இன்னும் ஐந்து நிமிஷம் தேடியிருக்கலாமே என்று தோன்றியதா? தோன்றியிருந்தால் வீட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள். அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.