பதினாலு துறை

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு இல்மாரி தன் வாழ்க்கையிலேயே பெரிய முடிவு ஒன்றை எடுத்தான். அந்தப் புத்தகம் இன்றோடு வீட்டை விட்டுப் போகணும். அதுவா நானா, பார்த்துவிடலாம். மெர்வி பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். மனைவி வாயில் நுரை இருக்கிற நேரம்தான் கணவனுக்குத் தைரியம் வருகிற நேரம். புத்தகத்தை, வேலைக்குக் கொண்டுபோகும் ரொட்டிப் பைக்குள் தள்ளி ஜிப்பை இழுத்தான்.

எதிரி ஒரு படப் புத்தகம். முப்பத்திரண்டு பக்கம். பெயர் 'குட்டிப் படகும் பதினாலு துறையும்'. ஒரு சின்னப் படகு ஏரியைச் சுற்றிப் போகும். துறைக்குத் துறை நிற்கும். துறைக்கு ஒரு பிராணி ஏறும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல் கொடுத்துப் படிக்கணும். கதை அவ்வளவுதான். யாரும் யாரையும் கடிப்பதுகூட இல்லை.

கொடுமை என்னவென்றால், இல்மாரிக்கு வேலையே படகு ஓட்டுவதுதான். அந்த ஊர் ஏரிக்கு நடுவே ஒரு தீவு. இரும்பு வடத்தைப் பிடித்தபடி கரைக்கும் தீவுக்கும் போய் வரும் தட்டைப் படகு. கார் ஏறும், பால் லாரி ஏறும், டிராக்டர் ஏறும். அக்கரை, இக்கரை, அக்கரை, இக்கரை. பகல் முழுக்க இதுதான். வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்த கையோடு, ஐந்து வயது மகள் ஹில்லாவை மடியில் வைத்துக்கொண்டு மறுபடியும் படகு ஓட்டணும். பேக்கரிக்காரனை வீட்டுக்கு வந்தும் மாவு பிசையச் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

தப்பிக்கவும் வழியில்லை. அந்த வீட்டில் புத்தகம் படித்துக் காட்டுவது சாப்பாடு மாதிரி. ஆறரை மணி ஆனால் நடந்தாகணும். திங்கள், புதன், வெள்ளி அப்பா. மற்ற நாள் அம்மா. எந்தப் புத்தகம் என்று சொல்வது ஹில்லா. ஏழு வாரமாக அவள் வேறு எதையும் சொல்லவில்லை.

இதில் புதன்கிழமைதான் மோசம். அந்த வரிசையில் இருக்கிற ஆறு வீட்டுக்கும் ஒரே சௌனாக் குளியலறை. சூடான கல், தண்ணீர் தெளித்தால் ஆவி, வியர்வையில் ஒரு வாரத்து அலுப்பு கழன்று விழும். இல்மாரி வீட்டு முறை புதன் ஏழு முதல் எட்டு. எட்டு அடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் துண்டோடு கதவைத் தட்டிவிடுவார். பதினாலு துறையையும் ஒழுங்காகப் படித்தால் நாற்பது நிமிடம் ஆகும்.

அதனால் இல்மாரி புதன்கிழமை சில துறைகளில் நிறுத்தாமல் போக ஆரம்பித்தான்; பிறகு தன் மூன்று நாளுமே அப்படித்தான். இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டுவான். முதலில் மூன்று துறை போனது. அப்புறம் ஆறு. போன வாரம் ஒன்பது. ஹில்லா ஒன்றும் சொல்லவில்லை. சின்னக் குழந்தை, கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டான். அப்பாக்கள் வேறு என்ன நினைப்பார்கள்?

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, புதன் காலை ஒன்பது மணிக்கு நூலக வண்டி தீவுக்குப் போகும். பஸ் நிறையப் புத்தகம். அதுவும் இல்மாரியின் படகில்தான் ஏறியாகணும். கடக்க எட்டு நிமிடம். அவனுடைய திட்டம் மொத்தமும் அந்த எட்டு நிமிடத்தில் இருந்தது.

வண்டியை ஓட்டுவதும் புத்தகம் கொடுப்பதும் ரைய்யாதான். அறுபதை நெருங்குகிறவர். இல்மாரி கையில் புத்தகத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"என்ன இல்மாரி, நீ புத்தகத்தோட வர்றே? ஏரி வத்தப் போகுதா?"

"மெர்வி குடுத்தனுப்பினா. கெடு முடியுதாம்."

"கெடுவுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கே."

"முன்னாடியே குடுத்தா அபராதமா?"

"அபராதம் இல்ல. அதிசயம். சரி, பதிலுக்கு என்ன எடுத்துக்கிறே?"

"பதினாறு பக்கத்துக்குள்ள ஏதாவது இருக்கா? படகு இருக்கக் கூடாது."

"எலி கிணறு தோண்டுற கதை ஒண்ணு இருக்கு."

"கிணத்துக்குள்ள படகு வராதில்ல?"

"வராது."

"குடுங்க!"

அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. இல்மாரிக்கு மட்டும் வெயில் அடித்தது.

மெர்விக்குத் தீவுப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை. சாயங்காலம் நாலு மணிப் படகில் பையை அணைத்தபடி ஏறினாள்.

"என்னப்பா, முகம் இவ்வளவு தெளிவா இருக்கு? பாரத்தை எல்லாம் இறக்கி வச்ச மாதிரி."

"காத்து நல்லா இருக்கு."

"மழை பெய்யுது."

"மழையோட சேர்த்துத்தான் சொல்றேன்."

மெர்வி சிரித்துவிட்டு ஏரியைப் பார்த்தாள். மேலே ஒரு கேள்வி கேட்கவில்லை. பதினாலு வருஷமாக அவளோடு குடும்பம் நடத்துகிறவன் அங்கேயே உஷாராகியிருக்கணும். ஆகவில்லை.

ஆறரை மணி. ஹில்லா அலமாரியை ஒருமுறை பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் பார்த்தாள்.

"அப்பா, படகு எங்க?"

"நூலகத்துக்குப் போயிடுச்சு கண்ணு. வேற ஒரு குழந்தை கேட்டுச்சாம். பாவம்."

மூலையில் மெர்வி காலுறை பின்னிக்கொண்டிருந்தாள். ஊசி நிற்கவில்லை. "எந்தக் குழந்தை?"

"தீவுல ஒரு குழந்தை."

"தீவுல மொத்தமே ஒன்பது குழந்தைங்க. ஒன்பதுக்கும் நான்தான் தினம் சாப்பாடு போடறேன். அதுல எது?"

"பேரு கேக்கலை, மெர்வி. பேரெல்லாமா கேப்பாங்க?"

இல்மாரி அழுகைக்குத் தயாராக இருந்தான். சமாளிக்க ஒரு சாக்லேட்கூட கைக்குள் இருந்தது. ஆனால் ஹில்லா அழவில்லை. எலிக் கதையைத் தலைகீழாக விரித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பரவால்ல. எனக்கு அந்தக் கதை தெரியும். நானே படிக்கிறேன். ணங் ணங்! முதல் துறை. ஏறுறவங்க ஏறலாம்! கோழி ஏறுது. முட்டை இருக்கு, மெதுவா, மெதுவா. ணங் ணங்! ரெண்டாம் துறை. செம்மறி ஏறுது. ஆஆவ்வ்…" வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விட்டாள். "மெர்வி, மணி என்ன ஆச்சு? அஞ்சாம் துறை. ஏறுறவங்க ஏறலாம்!"

"கொஞ்சம் இரு," என்றாள் மெர்வி. "மணி கேக்கறது யாரு, செம்மறியா?"

"இல்லம்மா. அப்பா. அது கதையில வரும்."

"மூணாம் துறை, நாலாம் துறையெல்லாம் எங்க?"

"அது அம்மா நாள்ல வரும். இன்னிக்கு அப்பா நாளு. அப்பா நாள்ல படகு அங்க நிக்காது."

ஊசி நின்றது. "அப்ப அங்க இருக்கறவங்க எல்லாம்?"

"நிப்பாங்க. ஆறாம் துறையில முள்ளம்பன்றி மழையில நிக்கும். படகு வர்றதைப் பாத்துக் கை காட்டும். அப்பா போயிடுவாரு. நாளைக்கு அம்மா வந்து ஏத்திக்குவாங்க."

"நீ அப்பா கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"அப்பா பகல்லாம் நிஜப் படகை நிறுத்தி நிறுத்தி அலுத்துப் போயிருக்காரும்மா. அதான் முள்ளம்பன்றி கிட்ட சொல்லி வச்சிருக்கேன். கொஞ்சம் பொறுத்துக்கோன்னு."

இல்மாரி கையிலிருந்த சாக்லேட் உருக ஆரம்பித்தது.

பதினொரு வருஷமாக அவன் அந்தப் படகை ஓட்டுகிறான். ஒருமுறை நல்ல மூடுபனி. பாதி ஏரி தாண்டிய பிறகு பின்னால் கரையில் ஒரு கிழவர் மீன் வாளியோடு நிற்பது தெரிந்தது. ஒரே ஒரு ஆள். இல்மாரி படகைத் திருப்பிக்கொண்டு போனான். டீசல் வீணாகிவிட்டது என்று மேலதிகாரி சத்தம் போட்டார். "ஆள் நிக்கிறாருல்ல" என்று மட்டும்தான் இவன் பதில் சொன்னான். இதுவரை ஒருத்தரைக்கூட கரையில் விட்டுவிட்டுப் போனதில்லை. அதைப் பற்றி அவனுக்கு உள்ளுக்குள் பெருமைகூட உண்டு. வீட்டில் வாரத்துக்கு மூன்று நாள் ஒரு முள்ளம்பன்றியை மழையில் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறான். அதற்கு ஒரு ஐந்து வயதுக் குழந்தை சமாதானம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

"ஹில்லா," என்றான். "இனிமே அப்பா எல்லாத் துறையிலயும் நிறுத்துவேன்."

"பதினாலும்?"

"பதினாலும்."

"நிஜமாவா?" என்றாள் மெர்வி.

"நிஜமா. தினமும் நானே படிக்கிறேன்னு வச்சுக்க. உன் நாளையும் சேர்த்து எனக்கே குடு! புத்தகம் மட்டும் இருந்திருந்தா இந்த நிமிஷமே ஆரம்பிச்சிருப்பேன்."

சொன்னதில் பாதி வெட்கம். நிஜமான வெட்கம். மீதிப் பாதி தைரியம். நூலக வண்டி திரும்பி வர இரண்டு வாரம் ஆகும் என்கிற தைரியம்.

மெர்வி காலுறையை ஓரமாக வைத்தாள். பைக்குள் கையை விட்டாள். 'குட்டிப் படகும் பதினாலு துறையும்' வெளியே வந்தது.

"பதினோரு மணிக்கு வண்டி பள்ளிக்கூடத்துக்கு வந்துச்சு. 'நீ குடுத்தனுப்பின புத்தகம் வந்து சேந்துச்சு'ன்னு ரைய்யா சொன்னாங்க. நான் குடுத்தனுப்பினது எனக்கே அப்பத்தான் தெரியும். சரின்னு மறுபடி எடுத்துக்கிட்டேன்."

"அப்ப… நாலு மணிக்கு நீ படகுல வந்தப்ப?"

"பையிலதான் இருந்துச்சு. நீதான் பத்திரமா இக்கரைக்குக் கொண்டு வந்து சேத்தே."

இல்மாரி கடிகாரத்தைப் பார்த்தான். ஏழாக ஐந்து நிமிடம். "மெர்வி, இன்னிக்குப் புதன்கிழமை. சௌனா…"

"ஆமா, வீணாப் போகக் கூடாதில்ல? நான் போயிட்டு வர்றேன்."

அவனுடைய துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். சௌனாக் கல்லில் சுட்டுத் தின்ன அவன் எடுத்து வைத்திருந்த சாசேஜையும் மறக்காமல் எடுத்துக்கொண்டாள்.

இல்மாரி படித்தான். மூன்றாம் துறையில் நின்றான். நாலாம் துறையிலும் நின்றான். ஆறாம் துறையில் முள்ளம்பன்றிக்கு ஒரு நனைந்த குரல் கொடுத்தான். அது மெதுவாக, ஒவ்வொரு காலாக ஏறியது. ஹில்லா பெருமூச்சு விட்டு அவன் மார்பில் சாய்ந்தாள். அவனும் மணியை மறந்துபோனான். உண்மையாகவே மறந்துபோனான். பதினாலாம் துறைக்கு வந்து புத்தகத்தை மூடியபோது ஏழு முப்பத்தைந்து. இன்னும் இருபத்தைந்து நிமிடம் பாக்கி! இன்னொரு துண்டு எங்கே இருக்கும் என்று யோசித்துக்கொண்டே எழுந்தான்.

"அப்பா, எங்க போறே?"

"முடிஞ்சிருச்சே கண்ணு. எல்லாரும் ஏறிட்டாங்க."

"படகு அக்கரையிலயே நிக்குதே. அவங்கெல்லாம் வீட்டுக்குப் போக வேணாமா? நீ தினம் திரும்பி வர்றேல்ல?"

ஜன்னலுக்கு வெளியே சௌனாப் புகைபோக்கியிலிருந்து புகை நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. சாசேஜ் வாசனைகூட வருகிற மாதிரி இருந்தது.

இல்மாரி உட்கார்ந்தான். புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து திறந்தான்.

"ணங் ணங். பதினாலாம் துறை. இறங்குறவங்க இறங்கலாம்."