கிழக்குக் கரைக்கு வந்த பச்சையம்மா

தேவாரம் ஊருக்குக் கிழக்கே இருக்கும் அந்தக் கண்மாய், ஆடி மாதத்தில் ஒரு நாள் பச்சை பெயிண்டைக் கரைத்து ஊற்றியது போல ஆனது. மறுநாளே பச்சைச்சாமி வந்துவிட்டார். சாமிகளுக்கு மட்டும் செய்தி எப்படி இவ்வளவு சீக்கிரம் போகிறதோ! போன வருஷம் வரை கம்பம் பஸ் ஸ்டாண்டில் செல்போன் கவர் விற்றவர் என்று சிலர் சொன்னார்கள். கவர் விற்றவருக்கு அருள் வரக் கூடாது என்று சட்டம் ஏதும் இல்லையே.

கிழக்குக் கரையில் கொட்டகை போட்டு உட்கார்ந்தார். "பச்சையம்மா தண்ணிக்குள்ள எறங்கியிருக்கா. என் மந்திரத்துக்குக் கட்டுப்பட்டு என் காலடிக்கு வருவா" என்றார். வந்தாள். பொழுது ஏற ஏற, கண்மாய் முழுக்கப் பரவிக் கிடந்த பச்சை மெல்ல நகர்ந்து, அவருக்கு முன்னால் வந்து ஆடை கட்டி நின்றது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கடமலைக்குண்டிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். குச்சனூர் கோயிலுக்குப் போகிறவர்கள் இங்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். பாட்டிலில் அடைத்த பச்சைத் தண்ணீர் சொறிக்கும் வயிற்றுவலிக்கும் வரன் தள்ளிப்போவதற்கும் ஒரே மருந்தானது. சாமி மட்டும் கேன் தண்ணீர் குடித்தார். அம்மாவையே குடிப்பதற்குக் கூச்சமாக இருந்திருக்கும்.

அக்கம்மாளிடம் இரண்டு கறவை மாடுகள் இருந்தன. அந்தக் கண்மாயில் தண்ணீர் குடித்த ஒன்று, தொழுவம் வந்து சேருமுன் நுரை தள்ளி விழுந்து செத்தது. பொரியும் சூடமும் வாங்கிக்கொண்டு, அழுதபடி சாமியிடம் ஓடினாள்.

"உன் மாடு தீட்டோட எறங்கியிருக்கு ஆத்தா. அதான் அம்மா எடுத்துக்கிட்டா" என்றார் சாமி. "மகளுக்கு அரிப்புன்னியே, இந்தத் தீர்த்தத்த வெறும் வயித்துல குடிக்கக் குடு."

மாட்டுக்கு எது தீட்டு என்று அக்கம்மாள் கேட்கவில்லை. பாட்டிலை வாங்கி மடியில் செருகிக்கொண்டாள்.

"அக்கா, அதப் பிள்ளைக்குக் குடுத்துராதீக!"

சொன்னவள் உமாதேவி. தேவாரத்துப் பெண், மதுரையில் நீர் ஆராய்ச்சி செய்கிறவள். ஒரு வாரமாக இந்தத் தண்ணீரை மொண்டு போய்ச் சோதித்துக்கொண்டிருந்தாள்.

"இது சாமியில்லக்கா, ஒவ்வொண்ணாப் பாத்தா கண்ணுக்குத் தெரியாத பாசி. தோட்டத்து உரமும் ஊர்ச் சாக்கடையும் உள்ள வரவும் பெருகிப்போச்சு. வெசம். ஈரலக் கெடுத்துரும். ஜப்பான்லயும் கென்யாவுலயும் இதே ஆராய்ச்சி பண்றவுகளோட சேந்துதான் நாங்க வேலை பாக்குறோம். மைக்ராஸ்கோப் படத்த அனுப்புனேன். கென்யாக்காரவுக, எங்க ஏரியிலயும் இதேதான், மாடுக செத்துச்சுன்னு சொன்னாக."

"அப்ப அம்மா கென்யாவுக்கும் போயிருக்காளா?" என்றார் கூட்டத்தில் ஒருவர், பக்தியாக.

"உலகம் பூரா அவ ஆட்சிதான்" என்றார் சாமி அவசரமாக.

"அங்கன வேலி போட்டு, தண்ணியத் தொடாதீகன்னு போர்டு வச்சிருக்காக" என்றாள் உமாதேவி. "சாமி, அம்மா உங்க மந்திரத்துக்குத்தான வர்றா? மேக்குக் கரையில உக்காந்து கூப்புடுங்களேன்."

சாமி யோசிப்பதற்குள் கூட்டமே அவருடைய நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேற்குக் கரைக்கு நடந்தது. புது அற்புதம் என்றால் யாருக்குத்தான் ஆசையில்லை? சாமி உட்கார்ந்தார். மந்திரம் சொன்னார். கத்திச் சொன்னார். மலையிலிருந்து இறங்கிய காற்று அவருடைய துண்டைக் கிழக்கே இழுத்தது. பச்சை இருந்த இடத்திலேயே இருந்தது.

"நம்பாதவ ஒருத்தி நிக்கிறா. அம்மா கோவமா இருக்கா."

"நான் போயிர்றேன். போறதுக்கு முன்னாடி ஒண்ணு. அக்கா, அந்தப் பொரியத் தண்ணியில போடுங்க" என்று சொல்லிவிட்டு உமாதேவி ரோட்டுப் பக்கம் போய்விட்டாள்.

அப்புறமும் அம்மா வரவில்லை. அக்கம்மாள் பொரியை அள்ளி வீசினாள். அது மிதந்தது. நகர்ந்தது. காலிக் கொட்டகையை நோக்கி வரிசை கட்டிப் போய், பச்சையோடு பச்சையாக ஒட்டிக்கொண்டது. அக்கம்மாள் பொரியைப் பார்த்தாள். படபடத்த துண்டைப் பார்த்தாள்.

"சாமி, பொரிக்கும் மந்திரம் சொன்னீகளா?"

அவள் மடியிலிருந்து பாட்டிலை எடுத்துத் திறந்து நீட்டினாள்.

"எம்பிள்ளைக்குக் குடுக்கச் சொன்னீகள்ல. மொதல்ல நீங்க குடிங்க."

சாமி எழுந்தார். காலைத் தொட்டுக் கும்பிட்ட அதே கைகள் தோளைப் பிடித்து உட்காரவைத்தன.

"குடிச்சா செத்துருவேன்" என்றார் பச்சைச்சாமி. அவர் கண்மாய்க்கு வந்ததிலிருந்து சொன்ன முதல் உண்மை அதுதான். ஊர்க்காரர்கள் வரவழைத்த போலீஸ் ஜீப்பில் ஏறும்போது கேன் தண்ணீரை மறக்காமல் கேட்டார்.

அக்கம்மாள் மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். கண்மாயில் குளித்ததால்தான் அரிப்பே வந்தது என்றார் டாக்டர். மிஞ்சிய மாட்டுக்கு வீட்டுத் தொட்டியில் தண்ணீர் காட்டினாள். சாக்கடையை யார் திருப்புவது என்று ஊர் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. போர்டு மட்டும் வந்துவிட்டது: விஷத் தண்ணீர், தொடாதீர்.

போர்டு வைத்த அன்றே அதற்கு யாரோ குங்குமம் அப்பி, சூடம் ஏற்றியிருந்தார்கள். அந்த வழியாக வந்த அக்கம்மாள் முந்தானையால் குங்குமத்தை அழுத்தித் துடைத்துவிட்டு, கும்பிட்டு நின்றவர்களைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"ஏலே, எழுத்து மறையுதுல்ல! மொதல்ல படிங்கடா. கும்புடணுமா வேணாமான்னு பெறகு பாக்கலாம்."