சட்டப்படி ஒரு தடவை

"ரஹ்மத்தம்மா, இந்த வீட்டை நீங்களே வாங்கிக்கிறேளா?"

1987-இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் கேட்கப்பட்ட இந்தக் கேள்வி, வாடகைக்குக் குடியிருப்போரின் உரிமை வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்கது. விற்பதானால் குடியிருப்பவரைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று ரஹ்மத் பீவியின் பெயரிலிருந்த வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. வீட்டுக்காரர் சக்ரபாணி அந்த வரியை மதித்தார். மதித்ததற்குச் சாட்சியாக வக்கீல் குமாஸ்தா தனுஷ்கோடியையும் கையோடு அழைத்து வந்திருந்தார்.

ரஹ்மத் பீவி எதிர்பார்த்திருந்த கேள்விதான் இது. மம்சாபுரத்து நிலத்தை விற்றாவது இந்த வீட்டை வாங்கிவிடுவது என்று அவரும் கணவர் பீர் மைதீனும் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்கள். ஆனால் கேட்டவுடன் சரி என்றால் அலைகிறாள் என்று நினைக்க மாட்டார்களா? யார் எதைக் கொடுத்தாலும் முதலில் வேண்டாம் என்பதுதான் அந்த ஊரில் மரியாதை. சற்று முன் அவர் நாற்காலியைக் காட்டியபோது சக்ரபாணியே "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று இரண்டு தடவை மறுத்துவிட்டு, மூன்றாம் தடவைதான் உட்கார்ந்தார்.

"எங்களுக்கு எதுக்குங்கய்யா இம்புட்டுப் பெரிய வீடு" என்று சொல்லி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மறுபடி கேட்பதற்காகக் காத்திருந்தார்.

ஒப்பந்தத்தில் 'மறுபடி' இல்லை. தனுஷ்கோடி பதிலை எழுதிக்கொண்டார். சக்ரபாணி எழுந்து செருப்பை மாட்டினார்.

"நான் சும்மா சொன்னேங்க" என்று ரஹ்மத் பீவி தெருவாசல் வரை பின்னாலேயே போனார்.

"சும்மா சொன்னாலும் நீங்க சொன்னதுதானம்மா. எழுதியாச்சு" என்றார் தனுஷ்கோடி.

வீட்டை ராஜபாளையத்து வைகுண்டராஜ் வாங்கினார். ரஹ்மத் பீவியிடம் கேட்டதற்கு முந்தின வாரமே விலை பேசி முடிந்திருந்தது. பாவம், அவருக்கு ராஜபாளையத்தில் மூன்று வீடுகள் இருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரில் 'ஒதுங்க ஓர் இடம்' இல்லை. சொந்தத் தேவைக்கு என்று காலி செய்யச் சொன்னார்.

பீர் மைதீன் ஒரு வக்கீலைப் பார்த்தார். முதலில் கேட்டார்களா என்று விசாரித்தார் வக்கீல். கேட்டார்கள். வேண்டாம் என்று சொன்னாரா? சொன்னார். அப்படியானால் உங்கள் சம்சாரத்தின் உரிமைக்கு ஒரு குறையும் வரவில்லை என்று வக்கீல் மனதாரப் பாராட்டினார். உரிமை பத்திரமாக இருந்தது. வீடுதான் போயிற்று.

சாமான்களை வண்டியில் ஏற்றிய அன்று சக்ரபாணி வழியனுப்ப வந்தார். உண்மையாகவே அவருக்கு வருத்தமாக இருந்தது.

"இத்தனை வருஷம் இருந்தேள். மனசுல ஒண்ணும் வச்சுக்காம ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்கோ."

பக்கத்தில் நின்ற தனுஷ்கோடி பேனா மூடியைத் திருகித் திறந்தார்.

ரஹ்மத் பீவி அந்தப் பேனாவைப் பார்த்தார். வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு வண்டியில் ஏறினார்.